தணிகைக் கச்சியப்ப முனிவரும் களவுப் படலமும்

தமிழகத்தின் வடவெல்லையில் ஆந்திர நாட்டை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டும் அதனை அடுத்த திருத்தணிகையும் முன்னர்ச் சித்தூர் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது அதனொடு சேர்ந்த இப்பகுதி, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்பிரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம. பொ. சிவஞானம் அவர்களின் தலைமையும், அதற்கு முன்பே ஊர்தோறும் தமிழ் பயிற்றி 1953-இல் மறைந்த மங்கலங்கிழார் அவர்களின் தொண்டும் இதற்குத் துணையாயின. நிலம் மீண்டது. ஆயினும், அந்நிலம் ஈன்ற பெரும்புலவராகிய கச்சியப்ப முனிவரின் நூல்கள் கற்போர் கைக்கு இன்னும் முழுதும் மீண்டில. இதன் காரணத்தையும், அவர்தம் நூலைப் பயிலத்தக்க நெறி ஒன்றனையும் ஈண்டு ஆராய்வாம்.

முனிவர் தணிகையிற் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து, மாதவச் சிவஞான முனிவரிடம் பாடங்கேட்டவர். அவர்தம் மாணாக்கருள் தலைமை பெற்றவர். 1790-இல் காஞ்சியில் இறைவனடி சேர்ந்தார். தணிகைப் புராணம், பேரூர்ப் புராணம், விநாயக புராணம் முதலியன இவர் இயற்றியன. ஆசிரியர் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தைப் பாட, இவர் இரண்டாங்காண்டத்தைப் பாடினார். தொண்டை நாட்டிற் பிறந்தவராயினும் கொங்கு நாட்டுப் பேரூரையும் பாடினமையின், இவரை ஓர் ஊர்க்கே உரிய புலவர் எனச் சுருக்குதல் பொருந்தாது.

இவர் மறக்கப்பட்டமைக்குக் காரணம் இரண்டு என்பது எம் கருத்து. ஒன்று பெயரொற்றுமை. கந்தபுராணம் பாடிய காஞ்சிக் கச்சியப்ப சிவாசாரியாரின் புகழொளியில் இவர் பெயர் மறைந்தது. இருவரும் முருகனைப் பாடினர்; இருவர்க்கும் காஞ்சித் தொடர்பு உண்டு; ஆகவே, ஒருவரை மற்றவராகக் கருதும் மயக்கம் எளிதில் தோன்றும். மற்றொன்று காலத்தின் சுவைமாற்றம். சங்க நூல்கள் அச்சேறிய பின்னர் அறிஞர் நாட்டம் அவற்றின்பாற் சென்றது. தலபுராணம் என்ற அளவிலேயே ஒரு நூலை ஒதுக்கும் வழக்கமும் வளர்ந்தது. சங்க நூல்களைக் கற்றது நன்றே. ஆனால், அவற்றின் மரபு பிற்காலத்தே எவ்வாறு வாழ்ந்தது என்பதனைக் காட்டும் நூல்களைக் கல்லாது விட்டது குறையே.

இதற்குத் தணிகைப் புராணத்துக் களவுப் படலம் தக்க சான்றாகும். வள்ளிநாயகியாரின் வரலாற்றை முனிவர் வெறுங்கதையாகக் கூறாது, அகப்பொருட் கிளவிகளும் துறைகளும் அமையத் தொடுத்துள்ளார். தினைப்புனங் காத்தல், தோழியின் துணை, உடன்போக்கு என வள்ளி கதையின் நிகழ்ச்சிகளே அகத்திணைக்கு இயைந்தன. அவ்வியைபைக் கண்டு படலம் முழுதும் நடத்தியது புலவர்தம் ஆற்றல்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறார் என்பது தொல்காப்பியர் கொள்கை. வேப்பந்தாரின் அடையாளம் சுட்டப்பட்டமையானே நெடுநல்வாடையைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். அங்ஙனமாயின், முருகன் எனவும் வள்ளி எனவும் பெயர் விளங்கப் பாடும் களவுப் படலம் அகமாமோ? கோவை நூல்கள் இவ்விடர்ப்பாட்டைப் பாட்டுடைத் தலைவன் வேறு, கிளவித் தலைவன் வேறு எனப் பகுத்து நீக்கின. திருக்கோவையாரில் தில்லை இறைவன் பாட்டுடைத் தலைவன். காதல் நிகழ்த்துவோன் பெயரில்லாக் கிளவித் தலைவன். களவுப் படலத்திலோ இருவரும் ஒருவரே. ஆதலின், இலக்கண வரம்பின்படி இதனைத் தூய அகம் என்றல் அரிது. எனினும், அகத்துறைகளைக் காப்பியக் கதையுள் வைத்து, தனிப்பாடலாய் நின்ற துறைகளுக்குத் தொடர்ச்சி நல்கிய புதுமையை மறுத்தல் இயலாது. இதனை வழு என்பதா, வளர்ச்சி என்பதா என்னும் வினா ஆராய்ச்சி மாணவர்க்கு உரியது. யாம் வளர்ச்சி என்றே கொள்கின்றோம்.

முனிவரின் பயன் நூலளவில் நில்லாது, ஆசிரிய மரபாகவும் தொடர்ந்தது. அவர்பாற் பயின்ற தணிகைக் கந்தப்பையரின் மக்களே விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் ஆவர். முன்னவர் பாலபோத இலக்கணம் முதலியவற்றால் பள்ளி மாணாக்கர்க்கு இலக்கணத்தை எளிதாக்கினார். பின்னவர் நைடதத்திற்கு உரை வகுத்தார். ஏட்டுச் சுவடியிற் பயின்ற தணிகைப் புலமை, இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சு நூல்களுள் புகுந்தது. மடத்துக் கல்விக்கும் பள்ளிக் கல்விக்கும் இடையே இம்மரபு பாலமாயிற்று.

ஆகவே, மணிமண்டபமும் விழாவும் எடுத்தல் மட்டும் புலவரை மீட்பதாகாது. களவுப் படலத்தைத் தனியே எடுத்து, துறை அடைவு வகுத்து, திருக்கோவையாரோடும் கந்தபுராண வள்ளியம்மை திருமணப் படலத்தோடும் ஒப்பிட்டு, முதுகலை வகுப்பிற்குப் பாடமாக்குதல் வேண்டும். வடவெல்லையூர்களில் தமிழ் பயிலும் இளைஞர்க்கு, தம் மலையடியிலேயே இத்தகைய புலவர் தோன்றினார் என்னும் செய்தி, நூலைக் கையில் தந்து உணர்த்தப்பட வேண்டும். ஒரு நிலம் தமிழ்நிலம் என்பதற்கு எல்லைக்கல் ஒரு சான்று. அந்நிலத்துப் புலவர் நூலை அங்குள்ளோர் கற்று உணர்தல் அதனினும் வலிய சான்று.