நின்றாலும் எரியும் பெட்டி விளக்கு

கொஸ்லந்தைக்குக் கோச்சி வராது; அப்புத்தளைக்கு பஸ் ஏறினால்தான் ஸ்டேஷன். பதுளை இரவுத் தபால் ரயில் அங்கே நிற்கையில் யன்னல்கள் வரிசையாக எரியும். மாதிரி ரயிலில் இந்த அழகைக் காட்ட முடியாமலே நெடுங்காலம் போனது. பழைய முறையில் தண்டவாளத்து வோல்ட்தான் ரயிலின் வேகம். 12 வோல்ட் கொடுத்தால் பாயும், பூச்சியமானால் நிற்கும். விளக்குக்கும் அதே மின்சாரம் என்பதால், ரயில் நின்றதும் பெட்டிகள் இருண்டுவிடும். நிஜப் பெட்டிகளுக்கும் ஒரு காலத்தில் இதே சிக்கல்தான். சக்கர அச்சு சுழன்றால்தான் டைனமோ மின்சாரம் தரும். அதனால் பெட்டிக்கு அடியில் பற்றரி வைத்தார்கள்.

மாதிரி ரயிலுக்கு விடிவு டிஜிட்டல் கட்டுப்பாட்டில் வந்தது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய முறையை, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பின்னர் பொதுத் தரமாக்கியது. இதில் ரயில் ஓடினாலும் நின்றாலும் தண்டவாளத்தில் ஏறத்தாழ 15 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தின் திசை மட்டும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை மாறும். கட்டளை ஒளிந்திருப்பது அந்த மாற்றத்தின் இடைவெளியில்: 58 மைக்ரோ செக்கன் என்றால் ‘1’, 100 அல்லது அதற்கு மேல் என்றால் ‘0’. எஞ்சினிலுள்ள டிகோடர் தன் இலக்கத்துக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரை இயக்கும்.

பெட்டி விளக்குக்குத் தேவையானவை மிகச் சொற்பம். சக்கரத்தை உரசும் மெல்லிய பித்தளைத் தகடு மின்சாரத்தை மேலே எடுக்கும். நான்கு டயோடு கொண்ட சீராக்கி அதை ஒரே திசையாக்கும். ஒரு தடையியும், கூரைக்கு அடியில் ஒட்டிய எல்.ஈ.டி. பட்டியும் இருந்தால் போதும். பழைய மின்குமிழ் ஒன்றுக்கே 50 மில்லி அம்பியர் அளவில் வேண்டும். பெட்டிக்கு ஐந்து, பத்துப் பெட்டி என்றால் இரண்டரை அம்பியர்! எல்.ஈ.டி.க்கு ஓரிரு மில்லி அம்பியரே தாராளம். வெண்ணீல ஒளி வேண்டாம். மஞ்சள் கலந்த வெள்ளையே பழைய பெட்டிகளுக்குப் பொருந்தும்.

தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தால் விளக்கு மினுங்கித் தொல்லை தரும். நிஜப் பெட்டியில் பற்றரி செய்ததை இங்கே 1000 மைக்ரோ பரட் கொள்ளளவி செய்கிறது. தொடுகை ஒரு கணம் அறுந்தாலும் வெளிச்சம் அறாது. ஆனால் அதை நேரடியாக இணைக்கக் கூடாது. எல்லாப் பெட்டிகளின் கொள்ளளவிகளும் ஒரே கணத்தில் மின்சாரத்தை உறிஞ்சினால், கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் குறுஞ்சுற்று என்றெண்ணி நின்றுவிடும். கொள்ளளவி மெதுவாக நிறைய 100 ஓம் தடையி ஒன்றும், தங்குதடையின்றி வெளியேற்ற அதற்குக் குறுக்கே டயோடு ஒன்றும் வேண்டும்.

பகலில் விளக்கை அணைத்து வைக்க விரும்புவோர் பெட்டிக்கும் சிறு டிகோடர் பொருத்தலாம். தெமோதர ஸ்டேஷனைக் கடந்த ரயில் குன்றைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைகிறதே, அந்த வளைவை மாதிரியாகச் செய்பவருக்கு இது அவசியம். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே இலக்கத்தைக் கொடுத்துவிட்டால், சுரங்க வாயிலில் ஒரு பொத்தானை அழுத்தியதும் ரயில் முழுவதும் எரியும்.