அண்டார்க்டிக்கா சிறு கப்பல் சுற்றுலா

அண்டார்க்டிக்கா சிறு கப்பல் சுற்றுலா என்பது, 500 பேருக்கு மேற்படாத பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் அண்டார்க்டிக்காவுக்குச் சென்று, சிறு படகுகள் மூலம் கரையிறங்கி, அதன் நிலத்தோற்றங்களையும் உயிரினங்களையும் பார்த்துத் திரும்பும் பயணம் ஆகும். இக்கப்பல்களுள் பல 100 முதல் 200 பயணிகளை மட்டுமே ஏற்றுகின்றன. அண்டார்க்டிக்காவில் நிலையான குடிமக்களோ துறைமுக நகரங்களோ இல்லை. ஆகையால் பயணிகளுக்குக் கப்பலே தங்குமிடமாகவும் உணவகமாகவும் மருத்துவ நிலையமாகவும் அமைகிறது. எங்கே இறங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் இறங்கலாம், விபத்து நேர்ந்தால் அனைவரையும் மீட்க முடியுமா ஆகிய மூன்றும் பெரும்பாலும் கப்பலின் அளவைப் பொறுத்தே அமைகின்றன.

வரலாறு

அண்டார்க்டிக்காவுக்கான கப்பல் சுற்றுலா 1950களின் இறுதியில் தொடங்கியது. அப்போது அர்கெந்தீனா, சிலி ஆகிய நாடுகளின் கப்பல்கள் சில நூறு பயணிகளைத் தெற்கு செட்லாந்துத் தீவுகளுக்கு அழைத்துச் சென்றன. இன்றைய முறையைத் தொடங்கி வைத்தவராகக் கருதப்படுபவர், சுவீடனில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய லார்ஸ்-எரிக் லின்ட்பிளாட் ஆவார். அவர் 1966 ஆம் ஆண்டில் அர்கெந்தீனக் கடற்படைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பயணிகளை அழைத்துச் சென்றார். துறை வல்லுநர்களும் உடன் சென்று, காண்பவற்றைப் பயணிகளுக்கு விளக்கிக் கூறுவது அவருடைய முறையின் முக்கியமான கூறு ஆகும். ஓர் இடத்தை நேரில் கண்டு புரிந்துகொண்டவர்கள் அதன் பாதுகாப்புக்கும் துணை நிற்பார்கள் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

இப்பயணங்களுக்கெனவே லின்ட்பிளாட் எக்ஸ்புளோரர் என்னும் கப்பல் பின்லாந்தில் கட்டப்பட்டு, 1969 இல் சேவைக்கு வந்தது. ஏறத்தாழ 100 பயணிகளை ஏற்றக்கூடிய இக்கப்பலின் உடல் பனிக்கட்டியைத் தாங்கும் வகையில் வலுவூட்டப்பட்டிருந்தது. 1984 இல் வட அமெரிக்காவின் வடக்கேயுள்ள வடமேற்குப் பெருவழியை முழுமையாகக் கடந்த முதல் பயணிகள் கப்பல் என்ற பெயரையும் இது பெற்றது. பின்னர் உரிமையாளர்கள் மாறியபோது, எக்ஸ்புளோரர் என்று மட்டும் அழைக்கப்பட்டது.

1991 இல் ஏழு நிறுவனங்கள் இணைந்து பன்னாட்டு அண்டார்க்டிக்காச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தை நிறுவின. இச்சங்கத்தின் கணக்கின்படி 1992-93 பருவத்தில் சுமார் 6,700 பேர் அண்டார்க்டிக்கா சென்றனர். 2023-24 பருவத்தில் இவ்வெண்ணிக்கை 1,20,000ஐத் தாண்டியது. இவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பெரிய கப்பல்களில் சென்று, கரையிறங்காமலே திரும்பியவர்கள்.

பயணத் தடம்

பெரும்பாலான பயணங்கள் அர்கெந்தீனாவின் தென்கோடியிலுள்ள உசுவாயா நகரிலிருந்து தொடங்குகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரையான தென்கோளக் கோடைகாலமே இதற்கு ஏற்ற பருவமாகும். மற்ற மாதங்களில் கடற்பனி பரவி வழியை அடைத்துவிடும்.

தென் அமெரிக்காவின் ஹோர்ன் முனைக்கும் தெற்கு செட்லாந்துத் தீவுகளுக்கும் இடையே சுமார் 800 கி.மீ அகலமுள்ள டிரேக் நீரிணை உள்ளது. இதைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். இந்நீரிணையின் நடுவே செல்லும் அகலக்கோட்டில் உலகைச் சுற்றி வந்தாலும் குறுக்கே நிலப்பகுதி எதுவும் இல்லை. எனவே மேற்கிலிருந்து வீசும் காற்றும் அது எழுப்பும் அலைகளும் தடையின்றி வலுப்பெறுகின்றன. இதனால் இக்கடல் உலகின் கொந்தளிப்பான கடல்களுள் ஒன்றாக விளங்குகிறது. நீரிணையின் இடைவழியில், தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீர் வடக்கின் சற்று வெப்பமான நீரைச் சந்தித்து அதன் அடியில் இறங்குகிறது. இவ்வெல்லை அண்டார்க்டிக்கா ஒருங்கல் எனப்படுகிறது. இதைத் தாண்டியதும் கடல்நீரின் வெப்பநிலை சட்டெனக் குறைவதைக் கருவிகள் காட்டும். இப்பகுதிக் கடலில் பெருகும் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரிகளே பென்குயின்கள், சீல்கள், திமிங்கிலங்கள் பலவற்றுக்கு உணவாகும்.

தெற்கு செட்லாந்துத் தீவுகளுள் ஒன்றான டிசெப்சன் தீவு, கடல்நீர் புகுந்த ஓர் எரிமலை வாய் ஆகும். கப்பல்கள் குறுகிய திறப்பு ஒன்றின் வழியாக எரிமலையின் உள்ளேயே செல்கின்றன. இது இன்னும் உயிர்ப்புள்ள எரிமலை. 1967, 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது. 1931 வரை இங்கு இயங்கிய திமிங்கில எண்ணெய் ஆலையின் கொதிகலன்களும் தொட்டிகளும் கரையில் துருப்பிடித்த நிலையில் காணப்படுகின்றன.

மேலும் தெற்கே, அண்டார்க்டிக்கா தீவக்குறையை ஒட்டி லொக்ரோய் துறை உள்ளது. 1944 இல் பிரித்தானியா அமைத்த இத்தளம் 1962 இல் மூடப்பட்டு, 1996 இல் சீரமைக்கப்பட்டது. இங்கு ஓர் அருங்காட்சியகமும் அஞ்சலகமும் கோடைகாலத்தில் இயங்குகின்றன. அத்தீவில் ஜென்டூ வகைப் பென்குயின்கள் வாழும் ஒரு பகுதிக்குள் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படுவதில்லை. பார்வையாளர்கள் வரும் பகுதியையும் வராத பகுதியையும் ஒப்பிட்டு, மனித வருகையின் விளைவை ஆய்வாளர்கள் கணக்கிட்டு வருகின்றனர்.

கரையிறங்கும் முறை

கரையில் துறைமுக மேடைகள் இல்லாததால், சோடியாக் எனப்படும் காற்றடைத்த இரப்பர் படகுகள் பயன்படுகின்றன. ஒரு படகில் ஏறத்தாழ பத்துப் பேர் செல்லலாம். காற்று, அலை, பனிக்கட்டியின் நகர்வு ஆகியவற்றைப் பார்த்த பிறகே இறங்குவது முடிவு செய்யப்படும். ஆகவே முன்கூட்டி அறிவிக்கப்பட்ட இடம் கடைசி நேரத்தில் மாறுவது வழக்கமானதே. வழிகாட்டிகள் முதலில் சென்று, அவசரகாலப் பொருட்களைக் கரையில் இறக்கி வைப்பர். கப்பலை விட்டு இறங்குபவர், திரும்புபவர் ஒவ்வொருவரும் பதிவு செய்யப்படுவர். கணக்கு சரியாகும் வரை கப்பல் நகராது.

2009 இல் நடைபெற்ற அண்டார்க்டிக்கா ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் பின்வரும் விதிகள் ஏற்கப்பட்டன:

* 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையிறக்கக் கூடாது.
* ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் ஒரு கப்பல் மட்டுமே பயணிகளை இறக்கலாம்.
* ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது.
* 20 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியாவது உடன் இருக்க வேண்டும்.

இவ்விதிகளின் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஓரிடத்தில் கரையிறங்க 4 மணி நேரம் கிடைக்கிறது எனக் கொள்வோம். 100 பயணிகள் உள்ள கப்பலில் அனைவரும் 4 மணி நேரமும் கரையில் இருக்கலாம். 200 பேர் எனில் ஒருவருக்கு 2 மணி நேரமும், 500 பேர் எனில் 48 நிமிடங்களும் மட்டுமே கிடைக்கும். படகில் சென்று வரும் நேரம் இதில் சேர்க்கப்படவில்லை.

விபத்துகள்

1989 சனவரி 28 அன்று, சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிச் சென்ற பாகியா பரைசோ என்னும் அர்கெந்தீனக் கப்பல், அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையம் அருகே பாறையில் மோதியது. உயிரிழப்பு ஏதும் இல்லை. எனினும் சுமார் 6 இலட்சம் லீட்டர் எரிபொருள் கடலில் கலந்ததால் கடற்பறவைகள் பாதிக்கப்பட்டன.

2007 நவம்பர் 23 அன்று, இச்சுற்றுலாவின் முன்னோடியான எக்ஸ்புளோரர் கப்பலே கிங் ஜோர்ஜ் தீவின் அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் திறந்த உயிர்காப்புப் படகுகளிலும் சோடியாக்குகளிலும் சில மணி நேரம் குளிரில் காத்திருந்தனர். பின்னர் நோர்வே நாட்டின் நோர்ட்நோர்கே என்னும் கப்பல் அனைவரையும் உயிருடன் மீட்டது. உதவக்கூடிய கப்பல்கள் எட்டும் தொலைவில் இருந்ததும், படகுகளில் காத்திருக்கும் அளவுக்குக் கடல் அமைதியாக இருந்ததும் இதற்குக் காரணங்களாகும். 154 பேரை மற்றொரு கப்பலில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. பல ஆயிரம் பேர் செல்லும் கப்பலுக்கு இந்நிலை ஏற்பட்டிருந்தால், அவர்களை ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு அருகில் எதுவும் இருந்திருக்காது.

இதன் பின் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. 2011 ஆகத்து 1 முதல், தெற்கு அகலக்கோடு 60 பாகைக்குத் தெற்கே கன எரிபொருள் எண்ணெயைப் பயன்படுத்துவதும் ஏற்றிச் செல்வதும் தடை செய்யப்பட்டன. முனையக் கடல்களில் செல்லும் கப்பல்களின் கட்டுமானம், கருவிகள், மாலுமிகளின் பயிற்சி ஆகியவற்றுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2017 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

சூழலியல் தாக்கம்

அண்டார்க்டிக்காவில் இயற்கையாக வளரும் பூக்குந் தாவரங்கள் இரண்டு மட்டுமே. மனிதர் கொண்டுவந்த ஓராண்டுப் புல் வகையொன்று 1980களிலிருந்து கிங் ஜோர்ஜ் தீவில் வேரூன்றியுள்ளது. இதுபோன்ற வரவுகளைத் தடுக்க, பயணிகளின் உடைகள், பைகள் ஆகியவற்றில் ஒட்டியுள்ள விதைகள் கப்பலிலேயே அகற்றப்படுகின்றன, காலணிகளும் கழுவப்படுகின்றன. பறவைக் காய்ச்சல் தீநுண்மி 2023 இல் தெற்கு ஜோர்ஜியாவிலும், 2024 இல் அண்டார்க்டிக்கா பெருநிலத்திலும் கண்டறியப்பட்டது. அதன் பின் கரையில் அமர்வதும் பொருட்களைத் தரையில் வைப்பதும் தவிர்க்கப்படுகின்றன.

எனினும் எல்லாத் தாக்கமும் காலணியுடன் கழுவப்படக் கூடியதன்று. கப்பல்களின் புகையிலுள்ள கரித்துகள் பனியின் மேல் படிந்து, அது கூடுதலாகச் சூரிய வெப்பத்தை ஈர்க்கச் செய்கிறது. 2022 இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு பயணியின் வருகையால் சராசரியாக 83 தொன் பனி முன்னதாகவே உருகுவதாக மதிப்பிட்டது.

கப்பல் ஒன்றுக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஆனால் ஒரு பருவத்தில் மொத்தம் எத்தனை கப்பல்கள் வரலாம் என்பதற்கு ஒப்பந்த அளவில் வரம்பு வகுக்கப்படவில்லை. 2024 மே மாதம் இந்தியாவின் கொச்சியில் கூடிய ஒப்பந்த நாடுகள், சுற்றுலாவுக்கான பொதுவான ஒழுங்குமுறையை உருவாக்குவது பற்றித் தனிப் பணிக்குழுவில் ஆராய்ந்தன. கப்பல்கள் சிறியனவாக இருந்தாலும் அவற்றின் எண்ணிக்கை பெருகினால், சிறு கப்பல் முறையால் கிடைத்த பாதுகாப்பு குறைந்துவிடும் என்பதே இவ்விவாதத்தின் மையமான சிக்கல் ஆகும்.