'இளைய நிலா' கிட்டார் வாசித்தது யார்? பெயர் போடாவிட்டால் ராயல்டிக்கும் சிக்கலா?

ஜூன் 21, உலக இசை தினம். பிரான்ஸில் 1982-ல் கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங் காலத்தில் தொடங்கிய விழா இது. பிரெஞ்சு உறவால் புதுச்சேரிக்கும் வந்தது. இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் பல ஆண்டுகளாக நடத்துகிறது. மேடையில் கிட்டார் வாசிப்பவரை நேரிலேயே பார்த்துக் கைதட்டலாம். ஆனா, சினிமாப் பாட்டுக்குள்ள வாசிக்கிறவர்?

'இளைய நிலா'வையே எடுத்துக்குங்க. படம் 'பயணங்கள் முடிவதில்லை' (1982), இசை இளையராஜா, வரிகள் வைரமுத்து, குரல் எஸ்.பி.பி., திரையில் மோகன். எல்லாத்தையும் டக்குனு சொல்லிடுவோம். கிட்டார் கத்துக்கிறவங்க இன்னிக்கும் வாசிச்சுப் பார்க்கிற அந்த இசையை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். இளையராஜா குழுவின் கிட்டார் கலைஞர். இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

செஷன் கிட்டாரிஸ்ட்னா யார்?

ஒரு ரெக்கார்டிங்குக்கு அழைக்கப்பட்டு, நோட்ஸைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிறவர். மேடையில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பவரை 'சைட்மேன்' என்பார்கள்.

இதில் இருந்து உச்சத்துக்குப் போனவர்களும் உண்டு. 'லெட் செப்பலின்' ஜிம்மி பேஜ், 1960-களில் லண்டன் ஸ்டுடியோக்களில் செஷன் கிட்டாரிஸ்ட். இளையராஜாவும் 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு சலில் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்தவர்தான். ஆனால், பெரும்பாலானவர்கள் கடைசி வரை பாட்டுக்குப் பின்னாலேயே இருந்துவிடுகிறார்கள்.

சம்பளம் எப்படி?

சென்னையில் கால்ஷீட் கணக்கு. வாசித்த நேரத்துக்குப் பணம், அவ்வளவுதான். பாட்டு அதுக்கப்புறம் 40 வருஷம் ஓடினாலும் அந்தக் கணக்கு மாறாது.

சட்டம் என்ன சொல்லுது?

காப்புரிமைத் திருத்தச் சட்டம் 2012, பாடகர், வாத்தியக்காரர் போன்ற நிகழ்த்துக் கலைஞர்களுக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை தந்தது. அது அமலுக்கு வந்த நாளும் ஜூன் 21 தான்!

ஆனா, அதே திருத்தத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கு. ஒரு திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, துறை வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பெயர் போடப்படாவிட்டால், அவர் 'நிகழ்த்துக் கலைஞர்' கிடையாது. தன் வாசிப்பு சிதைக்கப்பட்டால் தடுக்கலாம் என்பது மட்டுமே அவருக்கு மிஞ்சும்.

பெயர் இல்லை என்பதற்காக மட்டும் உரிமை போகாது. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் பெயர் இருந்துவிட்டால், அந்தக் கேள்விக்கே இடமில்லை. டைட்டிலில் ஒரு வரி என்பது மரியாதை மட்டுமல்ல, அதுவே ஆதாரம்.

பிரான்ஸில் எப்படி?

அதே ஜாக் லாங் அமைச்சராக இருந்தபோது, 1985-ல் ஒரு சட்டம் வந்தது. விற்பனைக்கு வந்த இசைப் பதிவை வானொலியில் ஒலிபரப்பினால் கிடைக்கும் தொகையில் பாதி கலைஞர்களுக்கு, பாதி தயாரிப்பாளர்களுக்கு. ஆல்பத்தில் பெயர் வராத பக்கவாத்தியக் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. அதைப் பிரித்துக் கொடுக்க 'ஸ்பெதிதாம்' என்ற தனி அமைப்பே இருக்கிறது. அங்கே பெயர் வராதவருக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. இங்கே பெயர் வராததே சிக்கலாகலாம்.

இப்போ நிலைமை மாறியிருக்கா?

கொஞ்சம். 1990-களில் ஏ.ஆர்.ரஹ்மானின் கேசட், சிடி அட்டைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. இன்று யூடியூப் பாடல் விவரக் குறிப்பில் 'கிட்டார்: கேபா ஜெரமையா' என்று பார்க்க முடிகிறது. பாடகர்களின் ராயல்டிக்காக 2013-ல் உருவான 'இஸ்ரா' அமைப்பும் பின்னர் வாத்தியக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 'இஸாம்ரா' ஆனது.

பழைய பாடல்களின் கதை வேற. அந்தப் படங்களின் டைட்டிலில் இசையமைப்பாளர், பாடகர்களோடு பட்டியல் முடிந்துவிடும். யார் எதில் வாசித்தார் என்பது கூட வாசித்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.