கினிப்பன்றிக்கு ஒரு கொட்டாய்!

லவ் பேர்ட்ஸ் வளர்த்தாச்சு, புறா வளர்த்தாச்சு, இப்போ கினிப்பன்றி மேல கண்ணா? ஆசை தப்பில்லை பாஸ். ஆனா ஹாஸ்டல்ல வார்டன் விடமாட்டார், வீட்டுக்குள்ள அம்மா விடமாட்டாங்க. மிச்சம் இருக்கிறது கொல்லைப்புறம். கையில இருக்கிறது பாக்கெட் மணி. இது ரெண்டையும் வெச்சு ஒரு வீடு கட்ட முடியுமா?

முடியும். ஆனா எந்த ஊர்ல கட்டறீங்க என்பதுதான் விஷயமே. உதாரணத்துக்கு மேல்சித்தாமூரை எடுத்துக்குவோம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற கிராமம். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கு. எறும்புக்குக்கூட தீங்கு வரக்கூடாதுன்னு நினைக்கிற மரபு. இல்லறத்தார் அகிம்சை விரதத்தில் தவிர்க்க வேண்டியது என்று சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து விஷயங்களைச் சொல்லுது. உயிர்களைக் கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பைச் சிதைப்பது, அளவுக்கு மீறி சுமை ஏற்றுவது, சோறு தண்ணியைத் தடுப்பது. கவனிச்சீங்களா? முதலும் கடைசியும் நேரா கூண்டைப் பற்றியது! உங்க பட்ஜெட் கூண்டு இந்த ரெண்டிலும் பாஸாகுதான்னு பார்ப்போம்.

முதல் வில்லன், வெயில். கினிப்பன்றியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. குளிர் பிரதேசத்து ஆளு. 18-லிருந்து 24 டிகிரி வரைக்கும்தான் அதுக்கு சுகம். 28-ஐத் தாண்டினாலே ஆபத்து ஆரம்பம். நம்மை மாதிரி வேர்க்கவும் தெரியாது. செஞ்சிப் பக்கமோ, மே மாதம் 40 டிகிரியைத் தொடுற ஏரியா. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடிச்ச அந்தக் கோட்டைக்குப் போனவங்களுக்குத் தெரியும், பகல்ல வெயிலைக் குடிச்ச பாறை பொழுது சாய்ஞ்ச பிறகும் சூட்டைக் கக்கும்.

அதனால தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ரெண்டையும் மறந்துடுங்க. உள்ளே இருக்கிற ஜீவன் வெந்துடும். வேப்ப மரத்து நிழலில், பனை ஓலையோ தென்னங்கீற்றோ போட்ட கொட்டாய்தான் பெஸ்ட். சீப்பும்கூட!

கூண்டுக்குப் புதுசா மரம் வாங்காதீங்க. காயலான் கடையில் ஒரு பழைய பலகைக் கட்டில் தேடுங்க. ஆறடிக்கு மூணடி, அதாவது 18 சதுர அடி. ரெண்டு கினிப்பன்றிக்குக் குறைந்தபட்சம் ஏழரை சதுர அடி வேணும்னு சொல்வாங்க, இது அதைவிட டபுளுக்கும் மேல! கடையில் விக்கிற அழகு கூண்டெல்லாம் இதுக்கு முன்னாடி தீப்பெட்டி. கட்டிலுக்கு ஏற்கெனவே கால் இருக்கு, தரை ஈரம் ஏறாது. நாலு காலையும் தண்ணி ஊத்தின டப்பாவில் நிறுத்தினா எறும்பும் ஏறாது. சுத்தியும் மேலேயும் அரை அங்குல வெல்டு மெஷ் அடிங்க. காசை மிச்சம் பிடிக்கிறேன்னு மெல்லிசான கோழி வலை வாங்கினா, கீரியும் நாயும் ஒரே ராத்திரியில் கணக்கை முடிச்சுடும். ஆனா தரைக்கு மட்டும் கம்பி வலை வேண்டவே வேண்டாம், பாதம் புண்ணாகிடும். பலகை மேல பழைய பேப்பர், அதுக்கு மேல வைக்கோல். நனைஞ்சதைத் தினமும் அள்ளிடணும். ஒளிஞ்சுக்க உடைஞ்ச மண் பானையைக் கவுத்து வைங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் படுதா கட்டுங்க, நாலு பக்கமும் மூடினா காத்து போகாது.

இப்போ கசப்பான உண்மை. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரைக்கும் எந்தக் கொட்டாயும் போதாது. ஈரச் சாக்கு தொங்கவிடலாம், தண்ணியை பாட்டிலில் உறைய வெச்சு துணி சுத்தி உள்ளே வைக்கலாம், அதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். காலைல பத்து மணிக்கு மேல சாயங்காலம் வரைக்கும் ஃபேன் ஓடுற அறைக்கோ, நல்லா குளிர்ச்சியா இருக்கிற இடத்துக்கோ கொண்டு போகணும். அதுக்கு வீட்டில் இடமில்லைன்னா வாங்காதீங்க, ப்ளீஸ். படுத்துக்கிட்டு மூச்சு இரைச்சா, வாயில் எச்சில் வழிஞ்சா, அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டு போய் காதிலும் பாதத்திலும் ஈரத்துணி ஒத்தி (ஐஸ் தண்ணி கூடாது!) உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்க. மெடிக்கல் ஷாப்பில் நீங்களா ஆன்ட்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிற வேலையே வேண்டாம். பென்சிலின், அமாக்சிசிலின் வகையறா கினிப்பன்றியின் உயிருக்கே உலை வைக்கும்.

சாப்பாட்டுச் செலவு? கிராமத்தில் கிட்டத்தட்ட ஜீரோ! மருந்து தெளிக்காத அருகம்புல்லும், காய்ந்த புல்லும் எப்பவும் முன்னாடி இருக்கணும். பல் வளர்ந்துகிட்டே இருக்கும், மென்னு தேய்ச்சாதான் ஆச்சு. நமக்கு மாதிரியே அதுக்கும் உடம்பில் வைட்டமின் சி உற்பத்தி ஆகாது. 1907-ல் நார்வேயின் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் ரெண்டு பேரும் கினிப்பன்றிக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தப்போ, கப்பல் மாலுமிகளை வதைச்ச அதே ஸ்கர்வி நோய் வந்தது. அப்புறம் வைட்டமின் சி கண்டுபிடிக்க வழி விட்டதே அந்த ஆராய்ச்சிதான். பாவம், அதோட பேரே 'சோதனை எலி'ன்னு ஆகிப்போச்சு! நீங்க தினம் கொஞ்சம் கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு கொய்யா கொடுத்தா போதும். சோறு, பால், பிஸ்கட் எல்லாம் நமக்கு.

கடைக்காரர் 'ஒரு ஜோடி எடுத்துக்கோ தம்பி'ன்னு சிரிச்சா உஷார்! தனியா வளர்த்தா அது வாடிப்போகும், துணை கட்டாயம் வேணும். அதுக்காக ஆணும் பெண்ணுமா எடுத்தா ரெண்டு மாசத்துக்கு ஒரு பிரசவம். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைபிடிக்கும். உங்க பாக்கெட் மணி அம்பேல். ரெண்டு பெண்ணா கேளுங்க, கால்நடை மருத்துவர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோங்க.

செமஸ்டர் நடுவில் போரடிச்சதுன்னு ஏரிக்கரையில் விட்டுட்டு வந்தா? அது சுதந்திரம் இல்லை, ஓடி ஒளியத் தெரியாத பிராணி அது. ஒரு ராத்திரி தாண்டாது. அஞ்சாறு வருஷம் வாழும், சில சமயம் எட்டு வருஷம்கூட. நீங்க டிகிரி முடிச்சு சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தத் தண்ணிக் கிண்ணத்தை நிரப்பப்போறது தம்பியா, அம்மாவா? கட்டில் தேடப் போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டுடுங்க.