எதுவுமே செய்யாத நிரல்

1960களில் மெயின்ஃபிரேம் கணினியிடம் வேலை வாங்க நினைத்தவர், எந்த நிரல் ஓட வேண்டும், அதற்கு எந்தக் கோப்பு வேண்டும் என்பதையெல்லாம் அட்டைகளில் துளையிட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். விடை வருவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும்.

ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் இந்த ஆணைகளுக்கு ஏற்பட்ட மொழிதான் ஜேசிஎல். 80 எழுத்துகள் கொள்ளும் அட்டையில் முதலில் இரண்டு சாய்கோடு. பிறகு, வேலையை அறிவிக்க 'ஜாப்', நிரலை ஓட்ட 'எக்ஸெக்', கோப்பைக் காட்ட 'டிடி'. பெரும்பாலும் இந்த மூன்றே ஆணைகள்தான்.

கோப்பைப் படைப்பதையும் அழிப்பதையும் டிடி அட்டையைப் பார்த்து இயங்குதளமே செய்துவிடும். ஆனால் ஓட்டுவதற்கு ஒரு நிரலாவது இருந்தாக வேண்டும். பழைய கோப்பை அழித்தால் போதும் என்பவர் எதை ஓட்டுவார்? அதற்காகவே ஐஇஎஃப்பிஆர்14 என்ற நிரலை எழுதினார்கள். 'அழைத்தவரிடமே திரும்பிப் போ' என்ற ஒரே கட்டளை. அளவு 2 பைட்.

அதிலும் பிழை இருந்தது! முடியும் நிரல், செயலிக்குள் இருக்கும் 15ஆம் ரெஜிஸ்டர் என்ற நினைவிடத்தில் ஓர் எண்ணை விட்டுச் செல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். இந்த நிரலோ அதைத் தொடவேயில்லை. அங்கே ஏற்கெனவே கிடந்த முகவரியே விடையாகப் போய், நன்றாக முடிந்த வேலையும் தோற்றதுபோல் தெரிந்தது. ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் இன்னொரு கட்டளையைச் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

அந்த எண்ணைப் பார்த்து அடுத்த நிரலை ஓட்டுவதா என்று தீர்மானிக்கும் 'காண்ட்' என்ற ஜேசிஎல் குறிப்பு இன்னும் குழப்பும். நிபந்தனை பொருந்தினால் நிரல் ஓடாது, பொருந்தாவிட்டால்தான் ஓடும்.

சிஸ்டம்/360இன் இயங்குதளமான ஓஎஸ்/360 உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், நிரல்மொழிகளிலேயே படுமோசமானது ஜேசிஎல் என்று பின்னாளில் சொன்னார். தன் பொறுப்பில் பிறந்தது என்பதையும் மறைக்கவில்லை. நாலைந்து அட்டைகள்தானே என்று நினைத்தார்களாம். ஒரு மொழியை வடிவமைக்கிறோம் என்ற எண்ணமே எழவில்லையாம்.

தீர்ப்பு நியாயம்தான். ஆனால் ஒரு நன்மையை மறக்கக் கூடாது. கோப்பின் பெயரும் இடமும் நிரலுக்குள் இல்லாமல் டிடி அட்டையில் இருந்ததால், இன்று நாடாவிலிருந்து படித்த நிரல் நாளை வட்டிலிருந்து படிக்கும். அட்டையை மாற்றினால் போதும். நிரலில் கைவைக்க வேண்டியதில்லை.

ஜேசிஎல் போலன்றிப் படிக்கவும் எழுதவும் எளிதான ரெக்ஸ் மொழியை ஐபிஎம்மின் மைக் கௌலிஷா 1979இல் தொடங்கினார். மெயின்ஃபிரேம்காரர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். ஆனாலும் ஜேசிஎல் போகவில்லை. இன்றைய மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் ஒரு ரெக்ஸ் நிரலைப் பேட்ச் வேலையாக ஓட்டுவதற்கும் முதலில் ஜேசிஎல்தான் எழுத வேண்டும்.