கவிதைக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு டம்ளர் தண்ணீர். ஜெர்மனியில் கவிஞர் வாசிக்க உட்கார்ந்தால் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் மேடை. அவர்களே இதற்குக் கிண்டலாக ‘தண்ணீர் டம்ளர் வாசிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் நடந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அருங்காட்சியகத்தில் நடக்கும்போதுதான் சந்தேகம் வருகிறது.

ஓவியமும் சிலையும் இருக்கிற இடத்தில் கவிதை எதற்கு?

இலக்கியத்துக்கென்றே அங்கே அருங்காட்சியகம் உண்டு. 1759இல் கவிஞர் ஷில்லர் பிறந்த மார்பாக், நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். அங்கே 2006இல் நவீன இலக்கிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. காஃப்காவின் ‘விசாரணை’ நாவலின் கையெழுத்துப் பிரதி இருப்பது இந்த ஊர் ஆவணக் காப்பகத்தில்தான். பழைய தாளுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் காட்சிக்கூடத்தில் 50 லக்ஸுக்கு மேல் விளக்கு கிடையாது. கண் பழகவே கொஞ்ச நேரம் ஆகும். அந்த அரையிருட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடித்தல் திருத்தல்களைப் பார்க்கலாம். குரல் மட்டும் கேட்காது. கவிதையில் பாதி அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதற்காகத்தான் உயிரோடிருக்கும் கவிஞர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார்கள்.

பாதி என்பது கொஞ்சம் அதிகமில்லையா? வீட்டில் உட்கார்ந்து படித்தால் போதாதா?

சில கவிதைகளுக்குப் போதும். தாமஸ் க்ளிங்கின் கவிதைகளுக்குப் போதாது. 1957இல் பிறந்து 2005இல் மறைந்த இவர், காதில் விழுந்தபடியே சொற்களை எழுதியவர். 1991இல் வந்த ‘ப்ரென்ஷ்டாப்ம்’ தொகுப்பின் தலைப்பையே பாருங்கள். அணு உலையின் எரிபொருள் தண்டைக் குறிக்கும் சொல்லும், எழுத்து என்று பொருள்படும் சொல்லும் அதில் மோதுகின்றன. ஜெர்மானியர் பேச்சில் கடைசி அசையை விழுங்குவார்கள் அல்லவா, அந்த விழுங்கலும் அப்படியே எழுத்தில் ஏறியிருக்கிறது. கண்ணால் படித்தால் அச்சுப்பிழை மாதிரி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். ஃப்ராங்க் கோல்கெஸ் என்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞரோடு சேர்ந்தும் மேடையேறியிருக்கிறார். தான் செய்வதை ‘மொழி இன்ஸ்டலேஷன்’ என்றார். ஓவியக் கூடத்துச் சொல் அது, தெரிந்தேதான் எடுத்தார்.

1995 முதல் அவர் வாழ்ந்த இடமும் அருங்காட்சியகத்தோடு ஒட்டியது. நாய்ஸ் நகருக்கு அருகே எர்ஃப்ட் ஆற்றோரம் இன்ஸல் ஹோம்ப்ரோக் அருங்காட்சியகம் 1987இல் தொடங்கியது. படங்களுக்குப் பக்கத்தில் பெயர்ச்சீட்டு கிடையாது. மின்விளக்கும் கிடையாது, மேகம் வந்தால் ஓவியமும் மங்கும். பக்கத்திலேயே கைவிடப்பட்ட நேட்டோ ஏவுகணைத் தளம். அதையும் 1994இல் வாங்கிக் கலைஞர்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியேறிய க்ளிங் மற்ற கவிஞர்களையும் வரவழைத்து வாசிப்பு வரிசை ஒன்றை நடத்தினார். 2024இல் ப்யூக்னர் இலக்கியப் பரிசு பெற்ற கவிஞர் ஓஸ்வால்ட் எக்கர் வசிப்பதும் இதே ஏவுகணைத் தளத்தில்தான்.

எல்லாரும் க்ளிங் மாதிரி சத்தம் போட வேண்டுமா?

வேண்டாம். 1971இல் பிறந்த கவிஞர் யான் வாக்னர் அடங்கிய குரல்காரர். ‘கீர்ஷ்’ என்ற களையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நம் கோரைப்புல் போலப் பிடுங்கப் பிடுங்க வரும் செடி அது. பெயருக்குள்ளேயே ‘கீர்’ இருக்கிறது, ஜெர்மனில் பேராசை. அந்தச் சொல்லின் ஓசைகள் வரிக்கு வரி பரவி, கடைசியில் கவிதையையே களை மூடிவிடுகிறது. அச்சில் இது தாண்டிப் போய்விடும், காது விடாது.

போட்டி வைத்து மதிப்பெண் போடும் ‘ஸ்லாம்’ இதுதானா?

இல்லை. ஸ்லாமில் சொந்தப் படைப்பு, சில நிமிடக் கெடு, பார்வையாளர்களே நடுவர்கள். 2016இல் யுனெஸ்கோவின் ஜெர்மன் ஆணையம் அதை நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கைதட்டல் வாங்கும் அவசரத்தில் வரிகள் நீர்த்துப்போவதும் அங்கே நடக்கும். ஆனால் நோரா கோம்ரிங்கர் அந்த மேடையில் வளர்ந்தவர்தான். 2015இல் பாக்மன் இலக்கியப் பரிசு பெற்றார்.

ஜெர்மன் தெரியாதவர் போனால்?

போகலாம். பெர்லின் கவிதைத் திருவிழாவின் தொடக்க இரவில் உலகக் கவிஞர்கள் அவரவர் மொழியில்தான் வாசிப்பார்கள். மொழிபெயர்ப்பு அச்சிட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பயணம் முடியாதவர்களுக்கு ‘லிரிக்லைன்’ இணையதளம், 1999 முதல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவிஞர்களைச் சொந்தக் குரலிலேயே கேட்கலாம்.

இதில் பிழைக்க முடியுமா?

புத்தக விற்பனையை நம்பி முடியாது. எந்த நாடானாலும் ஒரு புதிய கவிதைத் தொகுப்பைக் கையில் எடுப்பவர்கள் 1354 பேர்தான் என்று கவிஞர் ஹான்ஸ் மாக்னுஸ் என்ஸென்ஸ்பெர்கர் வேடிக்கையாக ஒரு கணக்குச் சொன்னார். வாக்னரின் தொகுப்பு 2015இல் லைப்ஸிக் புத்தகக் கண்காட்சிப் பரிசு பெற்றபோது அது செய்தியானதே, அதற்கு முன் கவிதை நூல் எதற்கும் அந்தப் பரிசு கிடைத்ததில்லை என்பதால். வாசிப்புக்குத் தரும் சம்பளம், பரிசு, உதவித்தொகை இவைதான் சோறு போடுகின்றன.

இயந்திரமே கவிதை எழுதும் காலத்தில் கவிஞர் எதற்கு?

இந்தக் கேள்வியையும் அதே என்ஸென்ஸ்பெர்கர் முந்திக்கொண்டார். 2000இல் அவர் கவிதை இயந்திரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். பிறகு அது மார்பாக் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பழைய ரயில் நிலைய அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் தகடுகள் படபடவென்று புரண்டு ஆறு வரிகள் வந்து நிற்கும். ஒன்றுக்குப் பின் 36 பூஜ்யம் போட்டால் எத்தனையோ, அத்தனை கவிதைகள் அதற்குள் உண்டு. அதைவிட நன்றாக எழுத முடியாதவர்கள் எழுதாமலே இருக்கலாம் என்றார் அவர். அடுத்தவர் வந்து பொத்தானை அழுத்தியதும் தகடுகள் மறுபடி புரளும். பழைய ஆறு வரிகள் போய்விடும்.