மலைப்பாதையில் சைக்கிள்: முதலில் தண்ணி போற வழியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போய் வந்த நம் பிள்ளைகள் அங்குள்ள சைக்கிளைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். கோப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் உள்ள ஊர். செம்மண் தோட்டமும் கிணறுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமதரை. பள்ளிப் பிள்ளை முதல் பென்சன் எடுத்த வாத்தியார் வரை சைக்கிளில் போவார்கள். பின் கரியரில் வாழைக்குலையும் போகும், வைக்கோல் கட்டும் போகும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போன வருசங்களில், அந்தக் குடாநாட்டையே தாங்கியது சைக்கிள்தான் என்று சொல்லலாம்.

நம்ம பக்கத்தில் கதை வேறு. "இந்த மலையில சைக்கிளா? ஏறிப் போறதுக்கா, தள்ளிக்கிட்டுப் போறதுக்கா?" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இப்போது அகலமான டயர் போட்ட சைக்கிளோடு வெளிநாட்டுக்காரரும் கொழும்புப் பிள்ளைகளும் மலைநாட்டுக்கு வருகிறார்கள். தேயிலை மலைக்குள்ளும் காட்டோரத்திலும் உள்ள பாதைகளைத் தேடிப் போகிறார்கள். இது என்ன விளையாட்டு? நம் பாதைக்கு இதனால் நல்லதா, கெட்டதா? தெரிந்து வைத்துக்கொள்வது நமக்கு நல்லது.

மலைச் சைக்கிள் எப்படி ஏறுகிறது?

கோப்பாயில் ஓடும் சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால், வண்டி ஏறக்குறைய 5 மீற்றர் முன்னே போகும். சமதரைக்கு அது சரி. ஏற்றத்தில் அவ்வளவு தூரத்தை ஒரே மிதியில் தூக்கக் காலுக்குப் பலம் பத்தாது. மலைச் சைக்கிளில் பின் சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல பற்சக்கரங்கள் இருக்கும். ஏற்றம் வந்ததும் சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றுவார்கள். அப்போது ஒரு சுற்றுக்கு வண்டி 2 மீற்றரோ அதிலும் குறைவாகவோதான் நகரும். தூரம் குறையும், பாரமும் குறையும். கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு செங்குத்துக் குறுக்கில் ஏறாமல், வளைந்து போகும் பாதையில் போவது மாதிரித்தான் இதுவும்.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள டமல்பாயிஸ் மலையில் 1970களில் வளர்ந்தது. சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து, மண் ரோட்டில் இறக்கத்தில் ஓடவிட்டார்கள். 1976இல் அங்கே தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் எரிந்து போகும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. இருபது வருசத்தில், 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டியாகச் சேர்ந்தது.

பாதையை வெட்டியவர்கள் யார்?

இந்த விளையாட்டுக்காரர்கள் அதிகம் விரும்புவது ஒற்றையடிப் பாதையைத்தான். அதற்காக மற்ற நாடுகளில் காட்டு மலையில் காசு செலவழித்துப் புதுப் பாதை வெட்டுகிறார்கள். நம்மிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர் கோப்பிக் காலத்திலேயே வெட்டத் தொடங்கிய பாதைகள் அவை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட பிறகு இன்னும் பெருகின.

இன்று 'பெக்கோ ட்ரெயில்' என்று பெயர் வாங்கியிருக்கும் நடைபாதை, பெரும்பாலும் இந்தப் பழைய பாதைகளை ஒன்றோடொன்று இணைத்ததுதான். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துர வழியாகவும் வந்து, சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் அதற்குப் பணம் கொடுத்தன. முக்கியமாக நடப்பவர்களுக்கானது என்றாலும், சில பகுதிகளில் சைக்கிளும் ஓட்டலாம்.

ஆகவே, உலகம் தேடி வரும் பாதை நம் தாத்தா, பாட்டி காலத்து மண்வெட்டி வேலை. அதைக் காப்பாற்றும் அறிவும் நம்ம கையில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பாதைக்கு எதிரி தண்ணி

கோப்பாயில் மழை பெய்தால் பெரும்பகுதி செம்மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லில் தங்கிக் கிணற்றுக்கு வரும். நம்ம மலையில் மழை ஓடும். ஓடும்போது தனக்கு ஒரு வழி தேடும். சரியாக வெட்டாத பாதைதான் அதற்கு முதலில் கிடைக்கும் வழி.

சைக்கிள்காரர் இறக்கத்தில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால், சக்கரம் சுற்றாமல் இழுபட்டு மண்ணைக் கீறும். ஈர மண்ணில் ஒரே நாளில் விரல் ஆழத்துக்குத் தடம் விழும். அடுத்த மழையில் அந்தத் தடம் வாய்க்காலாகும். ஒரு மழைக்காலம் போனால் முழங்கால் ஆழப் பள்ளம். நடக்க முடியாமல் சனம் பக்கத்தில் புதுத்தடம் போடும், அதுவும் அறுபடும். இதைச் சைக்கிள் மட்டும் செய்வதில்லை. மோட்டார் சைக்கிள், மாடு, நம்ம கால் எல்லாமே செய்யும்.

இதற்குப் பாதை வெட்டுபவர்கள் கடைப்பிடிக்கும் முறைகளைக் கேளுங்கள். கான் வெட்டியவர்களுக்கு ஒன்றும் புதிதாக இருக்காது.

முதலாவது, பாதை மலையை நேராக இறங்கக் கூடாது. குறுக்காகப் போக வேண்டும். பாதையின் சரிவு, மலைச்சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது. சராசரியாக 100 அடி போனால் 10 அடிக்கு மேல் ஏறாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, பாதையின் கீழ்ப்பக்க ஓரம் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது தண்ணி பாதை நெடுகிலும் ஓடாமல், அங்கங்கே குறுக்கே வழிந்து போய்விடும்.

மூன்றாவது, நீண்ட இறக்கத்தில் இடையிடையே பாதை கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். அந்தத் தாழ்வில் தண்ணி வெளியேறும்.

தோட்டத்தில் ட்ரேசர் பிடித்து 120 அடிக்கு 1 அடி சரிவில் கான் வெட்டுகிறோமே, அதன் நோக்கமும் இதேதான்: தண்ணியை ஓட விடாதே, மெதுவாக நடக்க வை. எந்தக் கான் எங்கே அடைபடும், எந்த மூலையில் ஊற்று கிளம்பும் என்பது வெளியூர்க்காரரின் வரைபடத்தில் இருக்காது. அந்த மலையில் தினமும் வேலை செய்பவருக்குத் தெரியும்.

லயத்துக்கு மேலே உள்ள பாதை

இது வெறும் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை இடத்தில் மலை சரிந்தது என்பதை மறக்க முடியாது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அவ்வளவு பெரிய மழைக்குப் பாதை மட்டும் காரணமாகாது. ஆனாலும், கெட்டுப்போன ஒரு பாதை மேலே விழும் தண்ணியையெல்லாம் சேர்த்து, ஏற்கெனவே வெடிப்பு விட்ட ஓர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால், கீழே இருக்கிற லயத்துக்கு ஆபத்து கூடும். அதனால் யாராவது நம் தோட்டத்தில் சைக்கிள் பாதை போட வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு வருமானம் வரும்?" என்பது அல்ல. "இந்தப் பாதையில விழுற தண்ணி எங்க போய் முடியும்?" என்பதுதான்.

கவனிக்க வேண்டியவை

1. பலத்த மழைக்குப் பிறகு மண் காயும் வரை பாதையில் சைக்கிள் ஓட விடக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாட்களில் நடப்பவருக்கும் பாதையை மூட வேண்டும்.

2. நடப்பவருக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும். ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். பல நாடுகளில் உள்ள வழக்கம் இது. கொழுந்து மூட்டையோடு வரும் பெண், வளைவில் வேகமாக வரும் சைக்கிளுக்காகக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது.

3. கொழுந்து எடுக்கும் நேரத்திலும் மருந்தடிக்கும் நாளிலும் அந்த மலைக்குள் சைக்கிள் வேண்டாம். குளவிக்கூடு கண்ட இடத்தை உடனே அறிவித்து, பாதையை மாற்ற வேண்டும்.

4. பள்ளிக்கூடப் பாதையையும் லயத்து வாசலையும் பந்தயப் பாதையாக்கக் கூடாது.

5. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் வனத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் புதுத்தடம் வெட்டக் கூடாது. வழிகாட்டப் போகும் நம் இளைஞர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

6. பாதை பராமரிப்பு இலவச வேலை அல்ல. கான் துப்புரவுக்கும் கல் கட்டுக்கும் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். வழிகாட்டல், சைக்கிள் திருத்தல், தேநீர், சாப்பாடு ஆகியவற்றில் வரும் வேலையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் கேட்க வேண்டும்.

நிலம் கம்பனி நிர்வாகத்தில் இருப்பதால் அனுமதி கொடுப்பது துரைமார்தான். ஆனால் பாதை ஓரத்தில் குடியிருப்பது நாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் பாதையை ஒருமுறை நம்மோடு நடந்து பாருங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. தலைவர்மார் கூட்டத்திலும் மாதர் சங்கத்திலும் இதைப் பேசி வையுங்கள். அடுத்த மழை வருவதற்கு முன், உங்கள் லயத்துக்கு மேலே உள்ள பாதையை ஒரு தடவை ஏறிப் பார்த்து, அடைபட்ட கானைக் குறித்து வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சைக்கிள் வந்தாலும் வராவிட்டாலும், அந்த வேலை நமக்காகத்தான்.